சென்னை மழையில் பன்னிரண்டு ட்ரே மைக்ரோகிரீன்ஸ்: எது அழுகியது, எது தேறியது

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை மைக்ரோகிரீன்ஸுக்கு, அதாவது இளந்தளிராக இருக்கும்போதே வெட்டிச் சாப்பிடும் கீரைக்கு, முதல் ட்ரேயை விதைத்தேன். டிசம்பர் முடிவதற்குள் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் விதைத்த தேதி, விதையின் எடை, தண்ணீர் காட்டிய விதம், எந்த நாளில் என்ன தெரிந்தது, கடைசியில் எத்தனை கிராம் வெட்டினேன் என்று ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதி வந்தேன், அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் ஐந்தில் நான்கு குப்பைக்குப் போயின. அடுத்த ஏழில் ஒன்று முழுதாகவும் ஒன்று பாதியாகவும் போக, மற்ற ஐந்தும் நன்றாக வந்து சாப்பிட்டோம். இடையில் விதையை மாற்றவில்லை, விளக்கு வாங்கவில்லை, உரம் போடவில்லை. தண்ணீர் காட்டும் விதம் மாறியது, காற்று போக வழி விட்டேன், தேங்காய் நார்த்தூளை அலசப் பழகினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் அடிபடுகிறார்கள் என்பது என் எண்ணம், அதனால் தோற்ற ட்ரேக்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

வீடு வேளச்சேரி பக்கம், இரண்டாவது மாடி, வடக்குப் பார்த்த சின்ன பால்கனி. காலையில் கொஞ்ச நேரம் சாய்வாக வெயில் வரும், அதன் பிறகு வெளிச்சம் மட்டும். தொடங்கியதற்குக் காரணம் கீரை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கட்டு பாதி சேறும் பாதி அழுகலுமாக இருக்கும், விலையும் ஏறிவிடும். அந்த இரண்டு மாதத்துக்காவது வீட்டுக்குள்ளேயே பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். ட்ரே எல்லாம் 30 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், உயரம் இரண்டு அங்குலம், பாத்திரக் கடையில் வாங்கிய சாதாரண பிளாஸ்டிக். கீழே சொல்லும் அளவெல்லாம் இந்த ட்ரேக்குத்தான்.

முளைகட்டிய பயறும் மைக்ரோகிரீன்ஸும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முளைகட்டும்போது விதை, வேர், முளை எல்லாவற்றையும் சேர்த்துத் தின்கிறோம், மண்ணும் கிடையாது வெளிச்சமும் கிடையாது. மைக்ரோகிரீன்ஸ் என்றால் மண்ணிலோ நார்த்தூளிலோ விதைத்து, இரண்டு வித்திலைகள் விரிந்து, உண்மையான முதல் இலை எட்டிப் பார்க்கும் நேரத்தில் வேரை விட்டுவிட்டுத் தண்டோடு வெட்டுவது. பெரும்பாலான வகைகளுக்கு 7 முதல் 14 நாள். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் சுத்தம் என்று வரும்போது பெரியது. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி ஏறக்குறைய 4,000 பேர் படுத்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள், விசாரணை கடைசியில் போய் நின்றது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில், அதை முளைகட்டி விற்றதில். வெதுவெதுப்பான, ஈரமான இடம் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ கிருமிக்கும் அவ்வளவு பிடிக்கும். வெந்தயத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, என் முதல் ட்ரேயே வெந்தயம்தான். பச்சையாகச் சாப்பிடப் போகிற ஒன்றை வளர்க்கிறோம் என்பது கடைசி வரை மனதில் இருக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

விதை

முதலில் ஒரு விதைக் கடையில் முள்ளங்கி விதை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பிரித்தால் விதை முழுக்க ரோஸ் நிறம். பாக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில், விதை நேர்த்தி செய்யப்பட்டது, உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. தைரம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லியைப் பூசி, அது தெரிய வேண்டும் என்பதற்காகவே சாயம் ஏற்றுகிறார்கள். தோட்டத்தில் ஊன்றி இரண்டு மாதம் கழித்துக் காய் பறிக்கிறவர்களுக்கு அது சரி. பத்தே நாளில் தண்டோடு வெட்டிப் பச்சையாகத் தின்னப் போகிற நமக்கு ஆகவே ஆகாது. கழுவினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாயமில்லாத, நேர்த்தி செய்யாத விதை என்று தெளிவாகப் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் சமையலறைக்குப் போங்கள்.

வெந்தயம், கடுகு, பாசிப்பயறு மூன்றும் அஞ்சறைப் பெட்டியிலும் பருப்பு டப்பாவிலும் இருந்தே எடுத்தவை. புதுச் சரக்கு என்றால் நன்றாக முளைக்கின்றன. சந்தேகமிருந்தால் இருபது விதையை ஈரத்துணியில் மடித்து மூன்று நாள் வையுங்கள், பதினாறு பதினேழுக்குக் குறையாமல் முளைத்தால் விதைக்கலாம். சுண்டலுக்கு வாங்கும் காய்ந்த பச்சைப் பட்டாணியும் சரிதான், ஆனால் ஊறவைத்த தண்ணீர் பச்சையாக மாறினால் அது சாயம் ஏற்றியது, கொட்டிவிடுங்கள்.

எல்லா விதையையும் இப்படித் தின்ன முடியாது. தக்காளி, கத்தரி, மிளகாய் இந்தக் குடும்பத்தின் நாற்றுகளை உண்ணக் கூடாது, நச்சுச் சத்து உண்டு. ராஜ்மாவும் வேண்டாம், பச்சையாக அது வயிற்றைப் புரட்டிவிடும். சோளம் கட்டாயம் வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்துவிடும் என்று கிராமத்தில் சொல்வார்களே, அது உண்மை, இளம் பயிரில் சயனைடு விடும் பொருள் அதிகம். பின்னால் முளைப்பாரியைப் பற்றிச் சொல்லும்போது இது மறுபடியும் வரும்.

முதல் ஐந்து ட்ரே

முதல் ட்ரே, வெந்தயம் 30 கிராம். ராத்திரி முழுக்க ஊறவைத்து, நனைத்த நார்த்தூளின் மேல் பரப்பி, இன்னொரு ட்ரேயைக் கவிழ்த்து இறுக்கமாக மூடினேன். ட்ரேயில் துளை போடவில்லை, வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகக் கூடாதே என்று. காலையும் மாலையும் திறந்து தெளித்தேன். மூன்றாம் நாள் முளை அழகாக வந்தது. நான்காம் நாள் மூடியைத் திறந்ததும் புளித்த மாவு வாடை. நடுவில் கை வைத்தால் கொழகொழவென்று இருந்தது. வெந்தயம் ஊறும்போது பசை விடும் விதை, அந்தப் பசைக்கு மேல் நான் இரண்டு வேளையும் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன், அது வடிய வழியும் இல்லை.

இரண்டாவது கடுகு. இதில் வேறு தவறு. கடுகு சின்ன விதை, 20 கிராம் போட்டாலும் கொஞ்சமாகத்தான் தெரிகிறது, அதனால் தாராளமாகத் தூவிவிட்டேன். இப்போது அதே ட்ரேக்கு 9 கிராம்தான் போடுகிறேன். நெருக்கமாக முளைத்ததும் பார்க்கப் பச்சைக் கம்பளம் மாதிரி அருமையாக இருந்தது, படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். ஐந்தாம் நாள் காலையில் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செடிகள் சாய்ந்து கிடந்தன. கிள்ளிப் பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி சுருங்கி நீர்கோத்திருந்தது. மாலைக்குள் உள்ளங்கை அளவாகிவிட்டது, மறுநாள் பாதி ட்ரே. நாற்றங்காலில் வரும் அதே நாற்றழுகல் நோய்தான் இது, பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகள் வேலை செய்யும். மருந்தடிக்க முடியாது, தின்னப் போகிறோம். இடைவெளி விட்டு விதைப்பதும் இலை, தண்டு நனையாமல் பார்த்துக்கொள்வதும்தான் வழி, அது எனக்கு அப்போது தெரியாது. சாய்ந்ததைப் பார்த்து வாடுகிறது என்று நினைத்து இன்னும் ஒரு முறை தெளித்தேன்.

மூன்றாவது ட்ரே பாசிப்பயறு. வந்தது. பெரிய விதை, உரமான தண்டு, நான் செய்த எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டது. இருட்டில் ஆறு நாள் வைத்துவிட்டதால் மஞ்சளாக நீண்டு தலை சாய்ந்திருந்தது, இருந்தாலும் தயிர் சாதத்தில் போட்டுச் சாப்பிட்டோம். முதல் முறை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், பாசிப்பயறில் தொடங்குங்கள், மனம் விட்டுப் போகாது.

நான்காவதுதான் எனக்கு நிறையக் கற்றுக் கொடுத்தது. சாயமில்லாத முள்ளங்கி விதை 18 கிராம், விலை கொடுத்து வாங்கியது. பழைய நார்த்தூள் தீர்ந்துபோய் புதிதாக ஒரு கட்டி வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்து அப்படியே போட்டேன். விதை முளைத்தது, ஆனால் வேர் கீழே இறங்கவில்லை. நுனி பழுப்பாகி மேலேயே சுருண்டு கிடந்தது. பூஞ்சையும் இல்லை, வாடையும் இல்லை, காரணமே புரியவில்லை. மூன்று நாள் யோசித்த பிறகு குடிதண்ணீர் பார்க்க வைத்திருந்த டிடிஎஸ் பேனா, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி, நினைவுக்கு வந்தது. நார்த்தூளைப் பிழிந்து அந்தத் தண்ணீரில் வைத்தால் 1,900 காட்டியது. எங்கள் மெட்ரோ தண்ணீரே 280 காட்டும். அதாவது கட்டி முழுக்க உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு, மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்ட நாராக இருந்தால் இன்னும் கூடும். அலசி விற்பதும் உண்டு, அலசாமல் விற்பதும் உண்டு, கட்டியைப் பார்த்து எதுவும் தெரியாது. மீதியிருந்த தூளை பழைய வேட்டித் துணியில் கட்டி, வாளியில் முக்கி முக்கி மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தேன், 400க்குக் கீழே வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு கட்டியையும் இப்படித்தான். இன்னொன்று, சுத்திகரிப்பு இயந்திரத்தில் வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சிலர் ட்ரேக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு கூடுதலாக இருக்கும், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கொத்தமல்லி. முழுத் தனியாவை அப்படியே போட்டேன், பத்து நாள் ஒன்றும் வரவில்லை, கொட்டிவிட்டேன். ஒவ்வொரு தனியாவும் உள்ளே இரண்டு விதை உள்ள காய், லேசாக உருட்டி இரண்டாக உடைத்து ஊறவைக்க வேண்டும், அப்படியும் மெதுவாகத்தான் வரும், சூடு பிடிக்காது, வெட்ட மூன்று வாரமாகும். ஆரம்பத்தில் வேண்டாம்.

அம்மா வந்தபோது

அக்டோபர் 9ஆம் தேதி, ஆயுத பூஜை விடுமுறைக்கு அம்மா சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தார். பால்கனியில் காலி ட்ரேக்களையும் என் நோட்டையும் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். நான் மூடி வைத்த விதம், தெளித்த விதம் எல்லாம் செய்து காட்டினேன்.

"ஏத்தா, அடியில ஓட்டை இல்ல, வைக்கோல் இல்ல, மேல வேற இறுக்கி மூடியிருக்க. பாரிய இப்படி வளத்தா மூணாம் நாளே நாறிப் போகுமே" என்றார்.

"அம்மா, முளைப்பாரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வெதச்சு எட்டு நாள்ல பயிர எடுக்குறதுதான ரெண்டும்? காலையில தெளிச்சா சாயங்காலம் மேல்மண்ணு காஞ்சிருக்கணும். காயலேன்னா அன்னைக்குத் தண்ணி கிடையாது. அம்புட்டுதான்."

எனக்கு அந்த இடத்தில் தலையில் தட்டியது போல் இருந்தது. எங்கள் ஊரில் மாரியம்மன் பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்டியதும் பெண்கள் முளைப்பாரி போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அடியில் துளையுள்ள பாத்திரம், அதில் வைக்கோல், அதன் மேல் மண்ணும் காய்ந்து பொடித்த எருவும், ஊறவைத்த தானியம். ஓர் இருட்டு வீட்டில் எல்லோருடையதையும் வரிசையாக வைத்து, தினமும் தெளித்து, ராத்திரி கும்மி கொட்டி, எட்டு, ஒன்பது நாளில் ஒரு முழம் உயரத்துக்கு நெருக்கமாக வளர்த்துத் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைப்பார்கள். அழுகிப்போனால் குற்றம் என்று பயந்து பயந்து வளர்ப்பார்கள், அதனால் ஈரத்தை எப்படி வைப்பது என்பது அவர்கள் கைக்கு அத்துப்படி. வைக்கோல் எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. தண்ணீர் தேங்காமல் கீழே வடிவதற்கும் அடியில் காற்று நிற்பதற்கும்தான்.

ஆனால் முளைப்பாரியை அப்படியே எடுத்துத் தின்ன முடியாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் போடும் தானியத்தில் மொச்சையும் சோளமும் உண்டு, எரு உண்டு. சாமிக்கு வளர்ப்பது அது, அது அதற்கான முறை. சாப்பிட வளர்ப்பதில் சாணம், எரு எதுவும் சேரக் கூடாது. விதைக்குள் இருக்கும் சத்தே முதல் பத்து நாளுக்குப் போதும். இருட்டிலும் வேறுபாடு உண்டு, பாரிக்கு வெளிறிய மஞ்சள் நிறம்தான் அழகு, நமக்கு இருட்டு இரண்டு மூன்று நாள் போதும், பிறகு வெளிச்சத்தில் பச்சை ஏற வேண்டும்.

ஆறும் ஏழும்

அன்றைக்கே இரண்டு ட்ரே வெந்தயம் விதைத்தேன், பக்கத்தில் பக்கத்தில். ஒரே டப்பாவில் எடுத்த விதை, தலா 30 கிராம், அலசிய நார்த்தூள், சூடாக்கிய கம்பியால் இரண்டுக்கும் அடியில் இருபது துளை. முதல் மூன்று நாள் இரண்டையும் ஒரே மாதிரி லேசாகத் தெளித்து, மெல்லிய பருத்தித் துணியால் மட்டும் மூடினேன். நான்காம் நாளிலிருந்து ஆறாவது ட்ரேக்கு முன்போலவே மேலிருந்து காலை, மாலை தெளிப்பு. ஏழாவது ட்ரேயை துளையில்லாத இன்னொரு ட்ரேக்குள் வைத்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, இருபது நிமிடத்தில் உறிஞ்சியது போக மீதியைக் கொட்டினேன், அதுவும் ட்ரேயைத் தூக்கிப் பார்த்து லேசாக இருந்தால் மட்டும். சில நாள் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தேவைப்பட்டது.

அக்டோபர் 15 அன்று வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக அறிவித்தார்கள், சென்னையில் அன்றைக்கே நல்ல மழை. வீட்டுக்குள் துணி காயவில்லை, உப்பு ஜாடியில் நீர் கோத்தது. சோதனைக்கு அதைவிடக் கடினமான வாரம் கிடைக்காது. 15ஆம் தேதி மாலை ஆறாவது ட்ரேயின் நடுவில் சிலந்தி வலை போல வெள்ளை படிந்தது, மறுநாள் தண்டுகளுக்கிடையே பரவியது. ஏழாவது ட்ரே ஒரு கை தள்ளி அதே மேசையில் இருந்தது, அதில் ஒன்றுமில்லை. 17ஆம் தேதி, எட்டாம் நாள், 140 கிராம் வெட்டினேன். ஆறாவதை உறையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

எல்லா வெள்ளையும் பூஞ்சை இல்லை. முள்ளங்கி, கடுகு இவற்றில் மூன்றாம் நாள் வாக்கில் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் மெல்லிய வெள்ளைப் பஞ்சு போலத் தெரியும், அது வேர்த்தூவி, நல்ல விஷயம். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது: வேர்த்தூவி வேரை ஒட்டி மட்டும் இருக்கும், தண்ணீர் தெளித்தால் படிந்து மறைந்துவிடும், வாடை இருக்காது. பூஞ்சை விதையிலும் தண்டிலும் ஏறும், ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு நூல் விடும், தெளித்தாலும் போகாது, மக்கிய வாடை அடிக்கும். வேர்த்தூவியைப் பார்த்துப் பயந்து நல்ல ட்ரேயைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். உண்மையான பூஞ்சை என்றால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். நான் சாப்பிட மாட்டேன், 30 கிராம் வெந்தயம்தான் போனது.

எட்டாவது ட்ரே முள்ளங்கி, மறுபடியும் 18 கிராம், இந்தத் தடவை அலசிய தூளில். ஊறவைக்காமல் தூவி, மேலே ஒரு காலி ட்ரே, அதன் மேல் செங்கல், இரண்டு நாள். செங்கல் வைத்தால் நசுங்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நசுங்காது, முட்டித் தள்ளிக்கொண்டு எழும், அந்த எதிர்ப்பில் வேர் நன்றாகக் கீழே பிடிக்கும், எல்லாம் ஒரே உயரத்தில் வரும். அளவான ஈரமும் துளையும் இருந்தால்தான் இது சரிப்படும், சொதசொதவென்று இருக்கும்போது அழுத்தினால் அழுகும். ஏழாம் நாள் 170 கிராம். அந்த முள்ளங்கித் தளிரின் காரம், மோரில் போட்டுக் குடித்த முதல் நாள், இன்றும் நாக்கில் நிற்கிறது.

ஒன்பதாவது சூரியகாந்தி, ஓட்டோடு உள்ள கறுப்பு விதை 70 கிராம், எட்டு மணி நேரம் ஊறவைத்துச் செங்கல் மூன்று நாள். பத்தாம் நாள் 130 கிராம், ஆனால் ஓடு இலையோடு ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொன்றாக உதறி எடுக்க அரை மணி நேரம் ஆனது. பத்தாவது பட்டாணி 150 கிராம், பன்னிரண்டு நாளில் 210 கிராம். பட்டாணியைக் கீழ்க்கணுவுக்கு மேலே வெட்டினால் இன்னொரு தடவை சுமாராகத் துளிர்க்கிறது, முள்ளங்கி, கடுகு அப்படி வராது, வெட்டியதோடு சரி.

சத்து பற்றி

மைக்ரோகிரீன்ஸில் முழுக் கீரையைவிட 40 மடங்கு சத்து என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். இந்தப் பேச்சு பெரும்பாலும் வருவது, அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகமும் அந்நாட்டு வேளாண் துறையும் சேர்ந்து 25 வகைகளை அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்விலிருந்து. அதில் சிவப்பு முட்டைக்கோஸ் தளிரில் வைட்டமின் சி அதிகம், கொத்தமல்லித் தளிரில் கரோட்டினாய்டுகள் அதிகம், செந்தண்டுக் கீரைத் தளிரில் வைட்டமின் கே அதிகம் என்றெல்லாம் வகைக்கு வகை வேறுபட்டது. 40 மடங்கு என்பது ஏதோ ஒரு வகையில் ஏதோ ஒரு சத்துக்கு உள்ள உச்சக் கணக்கு. அதுவும் 100 கிராமுக்கு 100 கிராம் வைத்து ஒப்பிட்டது. நாம் ஒரு வேளைக்குப் போடுவது ஒரு பிடி, 15 அல்லது 20 கிராம். ஒரு கட்டு அரைக்கீரையை நான்கு பேர் மசித்துச் சாப்பிடுவதற்கு இது ஈடாகாது. சமைக்காமல் தின்பதால் சூட்டில் போகும் வைட்டமின் சி போகாது, வெட்டிய அதே நிமிடம் தட்டில் விழுகிறது, ருசி தனி, இவ்வளவும் உண்மை, இதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். என் மாமனாருக்கு இதய வால்வு மாற்று அறுவை நடந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை எடுப்பவர்கள் வைட்டமின் கே உள்ள கீரைகளைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, ரத்தம் உறையும் அளவு மாறிவிடும். ஏழாவது ட்ரேயை வெட்டிய அன்று அவரே தட்டில் எடுத்துப் போடப் போனார், நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்ட பிறகுதான் கொடுத்தோம். வீட்டில் யாருக்காவது அந்த மாத்திரை இருந்தால் நீங்களும் முதலில் கேளுங்கள்.

புயலில் பதினொன்று

நவம்பர் 26 அன்று கடுகு விதைத்தேன், ஒன்பது கிராம், எல்லாம் சரியாக. நான்காம் நாள் வெளிச்சத்துக்கு எடுக்க வேண்டிய நேரத்தில் ஃபெஞ்சல் புயல். 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, இங்கே அன்று முழுக்கக் கொட்டியது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தோம், மின்சாரம் பல மணி நேரம் இல்லை. வழக்கமாக ஓரமாகச் சுழலும் சின்ன மேசை விசிறி ஓடவில்லை. ட்ரேயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை, அப்படியும் ஒரு மூலையிலிருந்து சாயத் தொடங்கியது. சாய்ந்த பக்கத்தை நார்த்தூளோடு வெட்டிப் போட்டுவிட்டேன், நோய் தொடாத மறுபாதி எட்டாம் நாள் 45 கிராம் கொடுத்தது. பூஞ்சை பிடித்தால் முழு ட்ரேயையும் கொட்டுவேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், இங்கே பாதியை வைத்துக்கொண்டேன். வெள்ளை நூலும் வாடையும் இல்லை, மீதிச் செடிகளின் தண்டு அடிவரை உறுதியாக இருந்தது, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். அதையும் பச்சையாகச் சாப்பிடாமல் பருப்புக் கூட்டில் கொதிக்கவிட்டேன்.

இதிலிருந்து எனக்குத் தெரிந்தது, தண்ணீரைக் குறைத்தால் மட்டும் போதாது, காற்று ஓட வேண்டும். ட்ரே மேல் நேரே விசிறி அடித்தால் தளிர் காய்ந்துவிடும், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் அறைக் காற்று அசையும், அது போதும். பன்னிரண்டாவதும் கடுகு, டிசம்பர் 12 அன்று விதைத்தது, விசிறியோடு. 95 கிராம், ஒரு செடிகூடச் சாயவில்லை.

இப்போது நடப்பது

புதன், ஞாயிறு இரண்டு நாளும் ஒவ்வொரு ட்ரே விதைக்கிறேன், அதனால் எந்நேரமும் இரண்டு மூன்று ட்ரே வெவ்வேறு வயதில் இருக்கும். வெட்டுவது காலையில், ட்ரே மேலே நன்றாகக் காய்ந்திருக்கும்போது, கத்தரிக்கோலை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு, தூளிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே. உடனே தின்பதை மட்டும் கழுவுவேன். வைக்கப் போவதைக் கழுவாமல், துணி விரித்த டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் நிற்கிறது, கழுவி வைத்தால் இரண்டாம் நாளே கறுக்கிறது. வெட்டிய பின் மிஞ்சும் வேர்ப்பாயை அப்படியே பூந்தொட்டிகளில் கவிழ்த்துவிடுகிறேன், அதிலேயே மறுபடி விதைப்பதில்லை, அழுகலுக்கு அதுவே வித்தாகும்.

வெயில் காலம் வேறு கதை. ஏப்ரலில் பால்கனி அனலாக இருந்தபோது முள்ளங்கி நான்காம் நாளே ஒல்லியாக ஓடித் துவண்டது, கடுகின் காரம் நாக்கைச் சுட்டது. ட்ரேக்களைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினேன், கடுகையும் முள்ளங்கியையும் ஜூலை வரை நிறுத்திவிட்டேன். அந்த மூன்று மாதமும் பாசிப்பயறும் சூரியகாந்தியும்தான், அவை சூட்டைத் தாங்குகின்றன. அம்மா இப்போது ஊரில் ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் ஆணியால் துளை போட்டு, எரு இல்லாமல், வெந்தயம் மட்டும் விதைத்திருக்கிறார். அங்கே காற்று வறண்டது, தினமும் இரண்டு வேளை தெளித்தும் பூஞ்சை வரவில்லையாம். என் கணக்கு அங்கே செல்லாது, அவர் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறார்.